துறையில் காத்திருப்போரின் குரல்

நுழையும்முன்

பேருந்து செல்லும் வழி நிலவழி. படகு செல்லும் வழி நீர்வழி. நம் நாட்டின் சில பகுதிகளிலும் வேறு சில நாடுகளிலும் நீர்வழியே மக்களின் அன்றாடச் சாலையாக விளங்குகிறது. அச்சாலையை நடத்துவது அரசு. அதைப் பயன்படுத்துவோர் மக்கள். இவ்விரு சாராரும் எதிரெதிரே அமர்ந்து பேச ஓர் இடம் வேண்டுமா? வேண்டுமெனின் அதை எவ்வாறு அமைப்பது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

நீரே சாலையான ஊர்கள்

மாணவர்களே! பள்ளிக்கு வரும் பேருந்தை ஒருநாள் தவறவிட்டால் என்ன செய்வீர்கள்? அடுத்த பேருந்தில் ஏறுவீர்கள், ஆட்டோவில் வருவீர்கள், அருகில் வீடிருந்தால் நடந்தே வந்துவிடுவீர்கள். கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரொன்றில் வாழும் மாணவனுக்கு இவற்றுள் எதுவும் இயலாது. படகு போய்விட்டால் அடுத்த படகு வரும்வரை அவன் துறையிலேயே நிற்க வேண்டும். படகு பழுதானால் அன்று பள்ளி இல்லை. நோயுற்ற பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் அதே படகை நம்பித்தான்.

இத்தகைய ஊர்களுக்காகக் கேரள அரசு 1968ஆம் ஆண்டில் நீர்ப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. அதன் தலைமையகம் ஆலப்புழையில் உள்ளது. வேம்பநாட்டு ஏரியின் ஒரு கரையையும் மறு கரையையும் இத்துறையின் படகுகள் இணைக்கின்றன. 2017ஆம் ஆண்டில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் செல்லத்தக்க 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் படகையும் இத்துறை ஓடவிட்டது. 'தவணக்கடவு' என்னும் ஊர்ப்பெயரில் உள்ள 'கடவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மலையாளத்தில் அது படகுத்துறையைக் குறிக்கும். தமிழில் அதற்கு வழி என்பது பொருள். நாம் வெளிநாடு செல்லப் பெறும் 'கடவுச்சீட்டு' என்பதிலும் இச்சொல்லே உள்ளது. கடக்கும் இடம் எதுவோ அதுவே கடவு.

ஒரு விடியற்காலை

2002ஆம் ஆண்டு ஜூலை 27. விடியற்காலையில் ஆலப்புழை மாவட்டத்து முகம்மாவிலிருந்து கோட்டயம் மாவட்டத்துக் குமரகத்திற்கு அரசுப் படகு ஒன்று புறப்பட்டது. அரசுப் பணியாளர் தேர்வு நடைபெறும் நாள் அது. நாள்தோறும் செல்லும் பயணிகளோடு தேர்வெழுதச் செல்லும் இளைஞர்களும் அப்படகில் ஏறினர். அளவுக்கு மிஞ்சிய கூட்டத்துடன் சென்ற படகு, குமரகத்தை நெருங்கும் வேளையில் ஏரியில் மூழ்கியது. 29 பேர் உயிரிழந்தனர். நீதிபதி நாராயண குருப் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

விபத்துகளுக்குக் காரணங்கள் பல இருக்கும். ஒரு குழு இருந்திருந்தால் அவ்விபத்து நேர்ந்தே இராது என்று நாம் கூறிவிட முடியாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தேர்வு நாள் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுவது. அன்று காலைப் படகில் கூட்டம் பெருகும் என்பதை அத்துறையில் நாள்தோறும் நிற்கும் எவரும் ஊகித்திருப்பர். டிக்கெட் எடுக்கும் முதியவர் அறிவார். கயிறு கட்டும் லாஸ்கர் அறிவார். படகைச் செலுத்தும் ஸ்ராங்கு அறிவார். அவர்கள் அறிந்ததைத் தலைமையகத்தின் மேசைக்குக் கொண்டுசேர்க்கும் வழி எது? அந்த வழியைப் பற்றியதே இப்பாடம்.

விசாரணை ஆணையம் துன்பம் நேர்ந்தபின் கேட்கும் செவி. ஆலோசனைக் குழு துன்பம் நேருமுன் கேட்கும் செவி. இரண்டும் வேண்டும், ஆயினும் முன்னது கேட்கும்போது சிலர் பேசுவதற்கு இல்லாமற் போயிருப்பர்.

ஆலோசனைக் குழு என்பது யாது?

ஓர் அரசுத் துறையின் பணியால் நேரடியாகப் பயன்பெறுவோர், அத்துறைக்குக் கருத்துரைக்கும் பொருட்டு அமைக்கப்படும் குழுவே மக்கள் ஆலோசனைக் குழு. ஆணை வேறு, ஆலோசனை வேறு. ஆணையிடும் அதிகாரம் துறைக்கு உரியது. ஆலோசனைக் குழு படகு வாங்காது, பணியாளரை மாற்றாது, கட்டணத்தைத் தானே குறைக்காது. 'இந்த நேர மாற்றத்தால் மாலைக் கல்லூரி மாணவர் வீடு திரும்ப இயலாது', 'இத்துறையின் படிகளில் பாசி படர்ந்துள்ளது' என்று எடுத்துரைப்பது அதன் கடமை. அதற்கு விடை பெறுவது அதன் உரிமை.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. பண்டைத் தமிழ் வேந்தர்க்கு ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் துணைநின்றதை இலக்கியங்கள் கூறுகின்றன. தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோரை அரசன் துணையாகக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார். அங்கே இடித்துரைப்போர் சான்றோர். மக்களாட்சியில் அவ்விடத்தில் அமர வேண்டியவர் படகில் ஏறும் பொதுமக்கள்.

வாஷோன் தீவினர் பெற்ற இடம்

அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம் உள்ளது. அந்நாட்டின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இம்மாநிலம் வேறு. இதன் கடற்கரையைப் பிளந்துகொண்டு 'பியூஜெட் சவுண்ட்' என்னும் கடற்கழி உள்நாட்டினுள் நெடுந்தொலைவு நீண்டுள்ளது. அதில் பல தீவுகள் உள்ளன. அங்கு ஒரு காலத்தில் படகுகளைத் தனியார் நிறுவனம் நடத்திவந்தது. கட்டணத்தை உயர்த்த அது விரும்பியது, அரசு இசையவில்லை. 1948ஆம் ஆண்டில் நிறுவனம் படகுகளை நிறுத்தியது. தீவுகளில் வாழ்ந்தோர் திகைத்தனர். அதே ஆண்டில் வாஷோன் என்னும் தீவின் மக்கள் சினங்கொண்டு துறையில் திரண்டு நின்றனர். அந்நிறுவனத்தின் படகைக் கரையணைய விடவில்லை. தம் குரலைக் கேட்க வேறு இடம் இல்லாதபோது மக்கள் துறையையே அவையாக்கினர்.

1951ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மாநில அரசே படகுப் போக்குவரத்தை ஏற்றது. பாலங்கள் கட்டப்படும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு என்றே அது கருதப்பட்டது. பாலத் திட்டத்தை 1959ஆம் ஆண்டில் சட்டமன்றம் ஏற்காமையால் படகுகளே நிலைத்தன. இன்றும் வாஷோன் தீவுக்குப் பாலம் இல்லை.

பின்னர் அம்மாநிலச் சட்டத்தில் படகு ஆலோசனைக் குழுக்களுக்கு இடம் தரப்பட்டது. அச்சட்டம் வகுத்த விதிகள் கருதத்தக்கவை. உறுப்பினர் தாம் சார்ந்த துறையின் அருகிலேயே வாழ்பவராக இருத்தல் வேண்டும். பயணிகள் சங்கத்தைச் சேர்ந்தவரோ அடிக்கடி பயணம் செய்பவரோ ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் இடம்பெறல் வேண்டும். ஒரே அரசியல் கட்சியினர் குழுவை நிறைத்துவிடல் ஆகாது. பதவிக்காலம் 4 ஆண்டுகள். குழுத் தலைவர்கள் ஒன்றுகூடி, ஆண்டுக்கு இருமுறை படகுத் துறையின் நிருவாகத்தினரைச் சந்திக்க வேண்டும். வாஷோன் தீவுக்கெனத் தனிக்குழு ஒன்றும் அச்சட்டத்தில் குறிக்கப்பெற்றது. அன்று துறையில் நின்று தடுத்தவர்களின் ஊர், பின்னாளில் அவையில் அமர்ந்து பேசும் உரிமையைப் பெற்றது.

கேளாச் செவியும் எழுதிய விடையும்

குழு அமைத்துவிட்டால் எல்லாம் கைகூடிவிடுமா? அதே நாட்டின் அலாஸ்கா மாநிலம் இதற்கு விடை தருகிறது. அம்மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூர்களிலிருந்து சாலை வழியே செல்ல இயலாது; வானூர்தியோ கப்பலோ வேண்டும். 1963ஆம் ஆண்டு முதல் மாநில அரசின் கப்பல்கள் அங்குள்ள கடலோர ஊர்களை இணைக்கின்றன. அப்போக்குவரத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு முன்பே இருந்தது. எனினும் 2021ஆம் ஆண்டில் அம்மாநிலம் தனிச்சட்டம் இயற்றி அக்குழுவின் இடத்தில் புதிய வாரியத்தை அமைத்தது. கருத்துரைப்பதோடு நில்லாது, குறுங்காலத் திட்டமும் நெடுங்காலத் திட்டமும் வகுக்கும் பொறுப்பு அவ்வாரியத்திற்குத் தரப்பட்டது. வெறும் ஆலோசனை காற்றில் கரைந்துவிடக் கூடும். எழுதிய திட்டத்தை அரசு எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. இந்திய ரயில்வே தன் மண்டலங்களிலும் கோட்டங்களிலும் பயணிகள் சார்பில் பேசும் ஆலோசனைக் குழுக்களை நெடுங்காலமாக வைத்துள்ளது. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது அவற்றுக்குரிய செய்திகளை வெளியிட வேண்டும் என்றும், பாதிக்கப்படுவோர்க்குக் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதன் நான்காம் பிரிவு பொது அமைப்புகளைப் பணிக்கிறது. படகு நேரத்தை மாற்றும் அறிவிப்பும் அத்தகைய முடிவுதானே!

உத்திரமேரூர் கற்பிப்பது

குழுவில் யாரை அமர்த்துவது என்பது அடுத்த வினா. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' என ஒன்று தனியே இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆக இயலாது. அண்மை ஆண்டுகளில் பதவி வகித்தவரும் விலக்கப்பட்டனர். ஒருவரே இருக்கையைப் பற்றிக்கொண்டிருக்கலாகாது என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது.

எனினும் அவ்வவை எல்லார்க்கும் இடம் தந்ததன்று. சொந்த மனையும் நிலமும் வேதக்கல்வியும் உடையோரே அதில் அமர முடிந்தது. ஆகவே, அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்குக் காட்டும் ஒழுக்கம். விட்டுவிட வேண்டியது வாயிலின் குறுகல். படகில் மிகுதியாகச் செல்வோர் மீன் விற்கும் பெண்களும் கூலித் தொழிலாளரும் மாணவர்களும் ஆயின், குழுவிலும் அவர்களே மிகுதியாக இருக்க வேண்டும்.

ஒரு குழுவை அமைப்போம்

ஒரு மாநிலத்தின் படகுப் போக்குவரத்துக்கு நாமே மக்கள் ஆலோசனைக் குழு அமைப்பதாகக் கொள்வோம். அதற்குக் கீழ்க்காணும் விதிகள் இன்றியமையாதவை:

1. இருக்கை: ஒவ்வொரு துறைக்கும் ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர், பெண்கள், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், படகுப் பணியாளர் ஆகியோர்க்கு இடம் வேண்டும். படகு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் உறுப்பினராதல் கூடாது.

2. முன்கேட்டல்: கால அட்டவணை, கட்டணம், நீண்டகாலப் பழுதுபார்ப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கிலும் முடிவெடுக்கும் முன் குழுவைக் கேட்க வேண்டும், முடிவெடுத்தபின் அறிவிப்பது கேட்டலாகாது.

3. விடை: குழு எழுதித் தந்த ஒவ்வொரு கருத்துக்கும் குறித்த நாளுக்குள் துறை எழுத்தில் விடை தர வேண்டும். ஏற்க இயலாதெனின் காரணம் கூற வேண்டும்.

4. வெளிப்படை: கூட்டக் குறிப்பு ஒவ்வொரு படகுத்துறையிலும் உள்ளூர் மொழியில் ஒட்டப்பட வேண்டும். அங்கே வேற்று மொழியினர் மிகுதியாகப் பயணம் செய்தால் அவர்தம் மொழியிலும் ஒட்டலாம். பிறந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

5. காலமும் இடமும்: கூட்டம் தலைமையகத்திலேயே நடந்தால் துறையைக் காண்பவர் இலர். ஆகவே ஒவ்வொரு முறையும் வெவ்வேறு துறையில், கடைசிப் படகு புறப்படும் முன் முடியுமாறு கூட்டம் நடத்த வேண்டும்.

இவ்வைந்தனுள் மூன்றாவதே உயிர்நிலை. இருக்கை தந்து, தேநீர் தந்து, கருத்தைக் கேட்டுவிட்டு விடை தராமல் அனுப்பினால், அக்குழு சுவரில் தொங்கும் பெயர்ப்பலகையாக எஞ்சும்.

மறுப்பும் விடையும்

'படகின் நிறை, மிதப்பு, எந்திரம் ஆகியவற்றைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன தெரியும்?' என்று சிலர் வினவுவர். வினாவில் நியாயம் உண்டு. ஒரு படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அளந்து கூறுவது பொறியாளரின் பணியே. ஆனால், எந்த நாளில் எந்தப் படகில் அந்த எண்ணிக்கைக்கு மேல் மக்கள் ஏறுகின்றனர் என்பதைத் துறையில் நிற்பவரே கூறமுடியும். பொறியாளரின் அளவும் பயணியின் அனுபவமும் ஒரே மேசையில் சந்திக்கும்போதுதான் படகு பாதுகாப்பாகக் கரைசேரும்.

'குழுக்கள் காலத்தை வீணாக்கும்' என்பது மற்றொரு மறுப்பு. மழைவெயில் பாராது நெடுநேரம் துறையில் நிற்பவரின் காலமும் காலந்தானே! அவர் ஆயிரம் நாள் காத்திருப்பதைக் காட்டிலும் அலுவலகம் ஒருநாள் காத்திருந்து கேட்பது சிறிய செலவு.

மாணவர்களே! உங்கள் ஊரில் படகு இல்லாதிருக்கலாம். ஆனால் பேருந்து உண்டு; நூலகம் உண்டு; நியாயவிலைக் கடை உண்டு. அவை ஒவ்வொன்றிலும் நடத்துபவர் ஒருபுறமும் காத்திருப்பவர் மறுபுறமும் உள்ளனர். நாளை நீங்கள் மேசையின் எப்பக்கத்திலும் அமரலாம். அதிகாரியாக அமர்ந்தால் வரிசையில் நிற்பவரை அழைத்துக் கேளுங்கள். வரிசையில் நின்றால் முணுமுணுத்துவிட்டுப் போகாமல், கண்டதை நாளும் நேரமும் குறித்து எழுதிக் கொடுங்கள். இரண்டும் நாட்டுப் பணியே.

சொற்பொருள்

கடவு – வழி, கடக்கும் இடம்
கடற்கழி – நிலத்தினுள் நீண்டு புகுந்த கடற்பகுதி
கரையணைதல் – படகு கரையைச் சேர்தல்
லாஸ்கர் – படகில் கயிறு கட்டுதல் முதலிய பணி செய்பவர்
வாரியம் – குறித்த பணியை மேற்பார்க்கும் குழு
ஸ்ராங்கு – படகைச் செலுத்தும் பொறுப்பாளர்

இலக்கணக் குறிப்பு

கேளாச் செவி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மழைவெயில் – உம்மைத்தொகை
நெடுநேரம் – பண்புத்தொகை
குறுங்காலத் திட்டமும் நெடுங்காலத் திட்டமும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

நின்றனர் – நில்(ன்) + ற் + அன் + அர்
நில் – பகுதி. 'ல்' 'ன்' ஆனது விகாரம்
ற் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் தலைமையகம் அமைந்துள்ள ஊர்
அ) குமரகம் ஆ) வைக்கம் இ) ஆலப்புழை ஈ) கோட்டயம்

2. வாஷிங்டன் மாநில அரசு படகுப் போக்குவரத்தை ஏற்ற ஆண்டு
அ) 1948 ஆ) 1951 இ) 1959 ஈ) 1963

3. ஆலோசனைக் குழுவுக்கு இப்பாடம் உயிர்நிலையாகக் கூறுவது
அ) இருக்கை ஆ) முன்கேட்டல் இ) விடை ஈ) வெளிப்படை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. 'கடவு' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் உணர்த்தும் பொருள்களைக் குறிப்பிடுக.
2. ஆணைக்கும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உத்திரமேரூர் வாரியங்களில் உறுப்பினராக இயலாதவர் இருவரைக் கூறுக.

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. வாஷோன் தீவினர் 1948இல் செய்ததையும் அத்தீவு பின்னாளில் பெற்றதையும் ஒப்பிடுக.
2. 'முன்னது கேட்கும்போது சிலர் பேசுவதற்கு இல்லாமற் போயிருப்பர்' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

மக்கள் ஆலோசனைக் குழு அமைப்பதற்கு இப்பாடம் கூறும் ஐந்து விதிகளைத் தொகுத்துரைத்து, நீவிர் சேர்க்க விரும்பும் ஆறாவது விதியைக் காரணத்துடன் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி

1. படகு, ஓடம், தோணி, பரிசல், நாவாய், கட்டுமரம் – இவற்றை ஆற்றுக்குரியன, கடலுக்குரியன, இரண்டுக்கும் உரியன எனப் பகுத்து எழுதுக.
2. உம் பகுதிப் பேருந்தின் நேர மாற்றத்தால் மாணவர்க்கு நேரும் இடர்ப்பாட்டை நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் குறிப்பிட்டுப் போக்குவரத்து அலுவலர்க்கு விண்ணப்பம் எழுதுக.

ஊ. செயல்பாடு

வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரிந்து அமர்க. முதற்குழு படகுத்துறை அலுவலர். இரண்டாம் குழு பயணிகள். மூன்றாம் குழு படகுப் பணியாளர். 'மாலைப் படகை நிறுத்தலாமா?' என்பது பொருள். ஒவ்வொரு குழுவும் தன் கருத்தை எழுதித் தருக. அலுவலர் குழு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை தருக. பின்னர் இடம் மாறி அமர்ந்து மீண்டும் ஒருமுறை உரையாடுக. இருக்கை மாறியபோது கருத்தில் நேர்ந்த மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதுக.